முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு பச்சை நூறு

“செல்லாத நோட்டுக்கு எதுக்கு மாமா நல்ல நோட்டு குடுக்கறீங்க?”

பக்கத்து வீட்டுச் சுவேதா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. என் மேசையில் தாடையை ஊன்றிக்கொண்டு ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பூபாலன் வாசலில் நின்று சிரித்தான்.

“கரீட்டா கேட்ட பாப்பா. இன்னா அண்ணாத்தே, நல்ல துட்டக் குட்த்து காயிதம் வாங்கிக்கினு கீற? எங்கைல குடு, கலர் ஜெராக்ஸ் எட்த்துத் தரேன்.”

நானும் சிரித்தேன். குழந்தைக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் அம்பத்தூரில் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி. முக்கியமான நோட்டு ஒவ்வொன்றும் எப்படிக் கிடைத்தது என்று அரைப் பக்கம் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். “ஓய்வூதியத்துல இதெல்லாம் எப்படி சார் வாங்க முடியுது? அதையும் எழுதுங்க. பசங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்றார் செயலாளர். எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. இதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் சண்முகசுந்தரம். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் பண்டகசாலை எழுத்தராக இருந்தவன். ஓய்வுபெற்றபின் பருத்திப்பட்டில் சிறிய வீடு. சிகரெட், சினிமா எதுவும் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தே வருவேன். முனை கிழிந்த நோட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, நல்லது கிடைக்கும்போது மாற்றிக்கொள்வேன். சின்ன நோட்டுகளுக்கு இந்த வழி போதும். பெரிய நோட்டுகள் கடையிலிருந்து நம் போன்றவர்களுக்குக் கிடைக்காது. அவை வீடுகளிலிருந்து வரும். பழைய டிரங்குப் பெட்டியிலிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் வரும். அதற்கு அக்கம்பக்கத்தாரிடம் அன்பாக இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. நான் இரண்டிலும் குறை வைத்ததில்லை.

பூபாலன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினான். போன வருடம் ஆனி மாதம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு பழுது என்றார்கள். தனியார் மருத்துவமனையில் மறுவாரமே அறுவை சிகிச்சை செய்யலாம். காப்பீட்டு அட்டை போக இரண்டரை லட்சம் கையிலிருந்து கட்ட வேண்டும். அரசு மருத்துவமனையில் செலவில்லை. ஆனால் ஐப்பசிக் கடைசியில்தான் தேதி கிடைத்தது. அவன் மனைவி பானுப்பிரியா நகையை வைத்தாள், சொந்தக்காரர்களைக் கேட்டாள். நாற்பதாயிரத்துக்குமேல் புரளவில்லை.

ஆடிக்கிருத்திகைக்காக அவள் முருகன் படத்தைக் கழற்றித் துடைத்தபோது பின்அட்டை பெயர்ந்து உள்ளேயிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டு விழுந்தது. நேராக என்னிடம் கொண்டுவந்தாள். நான்காக மடித்துக் கைக்குள் பொத்தி எடுத்து வந்திருந்தாள். முதலில் அந்த மடிப்பைத்தான் பார்த்தேன். அறுபது வருடம் மடிப்பே விழாமல் இருந்த தாள்.

பச்சை நிறம். எண்ணுக்கு முன்னால் இசட் எழுத்து. ஒருகாலத்தில் வளைகுடா நாடுகளில் நம் ரூபாய்தான் புழங்கியது. அவர்களுக்கென்று வேறு நிறத்தில் தனி நோட்டு அடித்தார்கள். சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். அதில் நூறு ரூபாயை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். பூபாலனின் அப்பா பஹ்ரைன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

“அண்ணா, இத பேங்க்ல மாத்துவாங்களா?” என்று கேட்டாள்.

“மாத்த மாட்டாங்கம்மா. இது எப்பவோ செல்லாமப் போச்சு” என்றேன். உண்மை.

பூபாலன் மூச்சு வாங்கியபடி பின்னாலேயே வந்துவிட்டான். “அண்ணாத்தே, யூடியூப்ல ஒருத்தன் சொல்லிக்கினு கீறான். பழைய நோட்டுக்கு லட்சம் லட்சமா தராங்களாம்.”

“அதெல்லாம் மோசடிப்பா. முன்பணம் கட்டுன்னு வாங்கிட்டு ஓடிடுவான்.” இதுவும் உண்மை. போலீஸே பலமுறை எச்சரித்திருக்கிறது.

“அப்ப வச்சிருந்தா தப்பொண்ணும் இல்லியே?” என்றாள் அவள்.

“அந்த ஐநூறு, ஆயிரம் செல்லாம போச்சே, அதுக்கப்புறம் பழைய நோட்டு வச்சிருந்தா அபராதம்னு சட்டம் வந்தது, ஞாபகம் இருக்கா?” என்றேன். சட்டம் வந்ததும் உண்மைதான். அது இந்த நோட்டுக்குப் பொருந்தாது என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இருக்கற தொல்லை போதாதுன்னு இது வேறயா? நீங்களே வச்சிக்கோங்கண்ணா. உங்ககிட்ட இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.”

“வச்சிக்கோ அண்ணாத்தே. ஜெராக்ஸ் வேணாம்ட்ட, ஒரிஜினலே வச்சிக்கோ” என்று பூபாலன் என் தோளைத் தட்டினான்.

கவனியுங்கள், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என்னை அறியாமல் வாய் ஒரு பொய் சொன்னால்கூட இரவு விளக்கேற்றும்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறவன் நான். அன்று கேட்க எதுவும் இருக்கவில்லை.

அதன்பின் அவர்களுக்காக என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் திருமுல்லைவாயில் போய் பூபாலன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். என் மனைவி மைதிலி அவனுக்கென்று உப்புக் குறைத்து ரசம் வைத்துக் கொடுத்தாள். மாத்திரை வாங்கவும் பரிசோதனைக்கும் என் ஸ்கூட்டரில்தான் கூட்டிப்போனேன். பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டுவேன். சுவேதாவுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கித் தந்தேன். சிறிய உதவிகள்தான், உலகம் அவற்றால்தான் நிற்கிறது என்று நம்புகிறேன்.

நோட்டின் மடிப்பை நீக்க இஸ்திரி போடக் கூடாது, புதியவர்கள் செய்யும் தவறு அது. பிளாஸ்டிக் உறையில் இட்டு, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கனமான புத்தகம் தேவாரம்தான். ஆறு வாரத்தில் மடிப்பு ஏறக்குறைய தெரியாமல் போயிற்று. அந்த ஆறு வாரத்தில் பூபாலனுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தபடியே தூங்கினான்.

நடுவில் ஒருநாள் பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே எத்திராஜ் பழைய நாணயம், நோட்டு வியாபாரம் செய்கிறார், நேர்மையான ஆள். கையில் இருப்பதாகச் சொல்லாமல் பொதுவாக விசாரித்தேன்.

“பச்சை நூறா? மெய்யாலுமே கெட்ச்சா ஒம்போது லட்சம் மறுபேச்சு பேசாம குட்த்துடுவேன் சார். ஆரு ஊட்ல கீது? சொல்லு, இப்பவே வண்டிய எடுக்கறேன்.”

“சும்மாதான் கேட்டேன்” என்றேன். அதுதான் நான் சொன்ன ஒரே பொய். அன்று இரவு அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வரும் வழியில் பூபாலன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே சுவேதா சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாம் வாய்ப்பாடு முடியும்வரை நின்றேன். பிறகு கிளம்பிவிட்டேன். அது தேவாரத்தின் அடியில் நான்காவது வாரம். பாதியில் எடுத்தால் மடிப்பு நின்றுவிடும்.

ஐப்பசியில் பூபாலன் போய்விட்டான். அரசு மருத்துவமனை கொடுத்த தேதிக்குப் பதினொரு நாள் இருந்தது. கடைசியாகக் கூட்டிப்போன அன்று பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் இல்லேன்னா நாங்க இன்னா ஆயிருப்போமோ அண்ணாத்தே” என்றான்.

செயலாளர் கேட்டதை நேராகவே எழுதிவிடுகிறேன். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் குறைந்ததால் அவன் செத்தான். அவனுடைய ஒன்பது லட்சம் என் வீட்டில் இருந்தது. எத்திராஜ் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவள் கையை விரித்த அந்த நொடியே எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லியிருந்தால் அவன் விற்றிருப்பான். விற்றிருந்தால் அது என்னிடம் இருந்திருக்காது. குறைந்த வருமானத்தில் இப்படிப்பட்ட நோட்டை வாங்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கண்காட்சியில் ‘அண்டை வீட்டார் அன்பளிப்பு’ என்று ஒரு வரி மட்டும் வைப்பேன். அதுவும் உண்மைதான்.

இப்போது கொஞ்சம் அலைச்சலாக இருக்கிறது. நோட்டை பீரோவிலிருந்து பூஜை அலமாரிக்கு மாற்றினேன், அங்கிருந்து அரிசி டின்னுக்கு, மறுபடி பீரோவுக்கு. காலையில் ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வருகிறவன் இப்போது மூன்று முறை சுற்றுகிறேன். சர்க்கரை மாத்திரையை மாற்றியதால் இருக்கும் என்கிறாள் மைதிலி. சுவேதா ஆல்பம் பார்க்க வருவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மனம் தெளிவாக இருக்கிறது. யாருக்கும் நான் கடன்பட்டதில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லோரும் தெருவில் ஷாமியானாவின் கீழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாருமில்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு பூபாலன் படம். மொய் நோட்டில் பெயர் எழுதி விளம்பரம் தேட எனக்கு விருப்பமில்லை. முருகன் படத்தைக் கழற்றி, பின்அட்டையை நகர்த்தி, மடிப்பில்லாத ஒரு புது நூறு ரூபாயை உள்ளே வைத்தேன். நூறுக்கு நூறு. மறுபடி மாட்டும்போதுதான் அதன் எண் இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றாக இருந்தது நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட எண்ணுக்குத் தனி விலை உண்டு. படத்தை மீண்டும் கழற்றி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, சாதாரண எண் உள்ள வேறொரு நூறை வைத்துவிட்டு, கண்மூடிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.