கலந்து அரைத்த மீன்

கூட்டம் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். என் பணிக்காலம் முழுவதும் நான் விடாப்பிடியாக நின்றது இந்த ஒரு விஷயத்தில்தான். நீள மேசை போட்டால் ஒருவர் தலைப்பக்கம் உட்காருவார், மற்றவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். வட்டத்தில் எல்லோரும் சமம். மீன்வளத் துறையில் நான் ஒருங்கிணைப்பு அலுவலராக இருந்தவரை, என் கூட்டத்திலிருந்து ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை. விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் இதையும் குறித்துக்கொள்வது நியாயமாக இருக்கும்.

கழிமுகத்து மீனில் பாதரசம் ஏறியிருக்கிறது என்று எங்கள் ஆய்வகத்துப் பெண் வந்து சொன்னபோது நான் பதறவில்லை. பதறுவதற்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு பதறாமல் இருக்க ஒருவராவது வேண்டும். ஆற்றின் மேல்பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து அது வருகிறது. சின்ன மீனின் உடம்பில் கொஞ்சமாகத் தங்குகிறது. சின்ன மீன்களைத் தின்றே வளரும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பெண் பெரிய மீன் ஒன்றைத் தனியாக அரைத்துப் பரிசோதித்திருந்தாள். அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு இருந்தது. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையைத்தான் அது அதிகம் தாக்கும் என்றும் சொன்னாள்.

கூட்டம் போட்டேன். ஆலையின் மேலாளர் வந்தார். படகுக்காரர்கள் சங்கத் தலைவர் வந்தார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் என்பதால் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். மீன் ஏற்றுமதியாளர் வந்தார். ஊர் அவரை ‘ஐஸ்பெட்டி’ என்று கூப்பிடும். சுகாதாரத் துறையின் சார்பில் தாய்சேய் நல மையத்து நர்ஸ் வந்தார். கர்ப்பிணிகளுக்கு ஏன் நாற்காலி போடவில்லை என்று இப்போது பத்திரிகைகள் கேட்கின்றன. அவர்களுக்குச் சங்கம் கிடையாது. ஒரு சங்கம் தொடங்கிச் சந்தா வசூலித்து முடிப்பதற்குள் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பிரசவம் ஆகிவிடும். அப்படிப்பட்டவர்களை நான் எந்த விலாசத்துக்கு அழைப்பது?

ஆலை மேலாளர் மென்மையாகப் பேசினார். ஆலையை மூடினால் பாதி ஊர் வேலையிழக்கும் என்றார், அதை ஒரு துக்கச் செய்தியைப்போலச் சொன்னார். மைக் அவ்வளவு மென்மையாகச் சொல்லவில்லை.

“மீன் பிடிக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வலையைச் சுருட்டிக்கிட்டு, பொண்டாட்டி புள்ளையோட உங்க வீட்டு வாசல்ல வந்து படுத்துக்கிறோம். காலையில காப்பி மட்டும் சர்க்கரை கம்மியா போடச் சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய ஆட்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆலையும் ஓட வேண்டும், படகும் ஓட வேண்டும், மீனும் நல்ல மீனாக இருக்க வேண்டும். இதில் முதல் இரண்டும் மனிதர்கள் கையில் இருந்தன. மூன்றாவது ஆய்வகத்தின் கையில் இருந்தது.

விதியை எடுத்துப் படித்தேன். பிடிபடும் மீன்களின் மாதிரியைக் கலந்து அரைத்து, அந்த விழுதைப் பரிசோதிக்கலாம் என்று இருந்தது. எந்த மீன் எவ்வளவு என்று இல்லை. பெரிய மீனில் ஒரு துண்டு, மற்றது எல்லாம் சின்ன மீன் என்று ஒரு கலவையை நான் சொன்னேன். கடலில் சின்ன மீன்தானே அதிகம், இயற்கையே அப்படித்தான் கலந்திருக்கிறது. ஆய்வகத்துப் பெண் அரைவை இயந்திரத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சார், யாரும் விழுதைச் சாப்பிடுறதில்லையே. ஒருத்தர் தட்டுல ஒரு மீனுதானே விழும்?”

நல்ல கேள்வி. அப்படிக் கேட்கக்கூடியவர் எங்கள் சிறிய ஆய்வகத்தில் முடங்கிக்கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குடிநீர்ப் பிரிவுக்குப் பதவி உயர்வோடு போக ஏற்பாடு செய்தேன். அவளுடைய நலனையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அடுத்து வந்தவர் மூடியை மூடிவிட்டு அரைத்தார். முடிவு அளவுக்குள் வந்தது.

மைக் எனக்கு மாலை போட வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடமையைச் செய்தவனுக்கு எதற்கு மாலை?

ஐஸ்பெட்டிக்குத்தான் குறை தீரவில்லை. வெளிநாட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு நம்முடைய கலவைமீது நம்பிக்கை இல்லை; ஒவ்வொரு பெரிய மீனையும் தனித்தனியாகக் கிள்ளிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய குளிர்பதனக் கிடங்கு திரும்பி வந்த மீனால் நிறைந்துபோயிற்று. புதைக்கலாம் என்றால் அதற்கும் செலவு, நாற்றம், நூறு கேள்வி. மறுபடியும் கூட்டம் போட்டேன். அந்தக் கூட்டத்தில்தான் நர்ஸும் ஒரு குறை சொன்னார். மையத்துக்கு வருகிற கர்ப்பிணிகளுக்கு உடம்பில் ரத்தம் இல்லை, சத்தான சாப்பாட்டுக்கு வழி இல்லை, ஏதாவது செய்யுங்கள் என்றார்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வட்டமாகப் போட்டதன் பலன் இது. ஒருவரிடம் வேண்டாத மீன், இன்னொருவரிடம் வேண்டுகிற வயிறு. இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு கோடு போடத்தான் ஆள் இல்லை. நான் போட்டேன்.

நர்ஸ் ஒரே ஒரு தடவை கேட்டார். “நல்ல மீன்தானே சார்?”

கழிமுகத்து மீனின் ஆய்வு முடிவு அளவுக்குள் இருக்கிறது என்று பதில் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வாரந்தோறும் மையத்து வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வாழ்க்கையில் காசு கொடுத்து வாங்கியிராத பெரிய மீன் துண்டுகளை இலவசமாக வாங்கிப் போனார்கள். சிலர் என்னைத் தெருவில் பார்த்துக் கும்பிட்டார்கள்.

என் மகள் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது திட்டம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. என் மனைவிதான் அவளை அந்த மையத்தில் பதிவு செய்தாள். அப்பா கொண்டுவந்த திட்டத்தில் மகள் சேராவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்பது அவளுடைய வாதம். நான் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் மீன் வந்தது. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். மகள் முள்ளை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.

“நல்லா இருக்குப்பா. மையத்துல எல்லாரும் உங்களைத்தான் வாழ்த்துறாங்க. எனக்கே பெருமையா இருந்துச்சு.”

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒரு கணம் வாயைத் திறந்தேன். சாப்பிடாதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் நர்ஸிடம் போய்ச் சொல்வாள். நர்ஸ் மீனை நிறுத்துவார், ஐஸ்பெட்டி சத்தம் போடுவார், மைக் வாசலில் வந்து படுப்பார், ஆலை மூடும். ஒரு தட்டில் இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை, மறு தட்டில் ஒரு முழு ஊர். எப்படிப் பார்த்தாலும் எடை ஒரே பக்கம்தான் சாய்ந்தது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. வரிசையில் நிற்கிற மற்றப் பெண்களுக்குச் சொல்லாததை என் மகளுக்கு மட்டும் சொன்னால் அதற்குப் பெயர் பாரபட்சம். அதிகாரிகள்மீது ஆயிரம் புகார் வரும். சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டினான் என்ற புகார் மட்டும் என்மீது வந்ததில்லை.

“இன்னொரு துண்டு வச்சுக்கோம்மா,” என்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பேரன் பிறந்தான். தலை நிற்கத் தாமதமாயிற்று. சில பிள்ளைகள் அப்படித்தான் என்றோம். கூப்பிட்டால் திரும்பவில்லை. விளையாட்டுப் புத்தி என்றோம். மையத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் அதே விளையாட்டுப் புத்தி இருப்பதை நர்ஸ்தான் முதலில் கவனித்தார். அவர் உறைபெட்டியில் மிச்சமிருந்த மீன் துண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு குடிநீர்ப் பிரிவுக்குப் போய், அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். இம்முறை அவள் எதோடும் கலக்கவில்லை.

ஆம், நான்தான் செய்தேன். கலவையைச் சொன்னது நான், மீனை மையத்துக்கு அனுப்பியது நான், தெரிந்தே பேசாமல் இருந்தது நான். ஆனால் சுயநலத்துக்காக ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. ஊரோடு சேர்ந்து என் குடும்பமும் அதே சுமையைச் சுமந்தது. இதைவிட நேர்மையாக ஓர் அலுவலர் நடந்துகொள்ள முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நேற்று மகள் என்னைப் பார்க்க வந்தாள். அழவில்லை, திட்டவில்லை. பையனை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அத்தனை மாசமும் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிட்டோம். உங்க தட்டுல மட்டும் ஏன்பா ஒரு நாள்கூட மீன் இல்ல?”

எனக்கு அந்த மீன் பிடிக்காதம்மா என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. பெரிய மீனைத் தனியாக அரைத்துப் பார்த்த அன்றிலிருந்தே பிடிக்கவில்லை.