சுரண்டாமல் பதித்த சிப்பி

1932 ஆகஸ்டு 16, செவ்வாய்க்கிழமை மாலை. மயிலாப்பூர் சரகப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் இனாயத். தகப்பனார் அப்துல் கரீம். வயது நாற்பத்திரண்டு. கச்சேரி சாலைக்குப் பின்னால் உள்ள சந்தில் மனைவி ஷாகிராவுடன் குடியிருக்கிறேன். வாசல் அறைதான் கடை. மடக்குக்கத்திகளின் மான்கொம்புப் பிடியில் முத்துச்சிப்பி பதிப்பது என் தொழில்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து கடை திறந்ததும் துரைராஜ் வந்தார். அவர் கள்ளுக்கடைக் குத்தகைக்காரரின் அடியாள். எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. என்னிடம் முன்பு வாங்கிய கத்தியை நீட்டினார். பிடியில் சிப்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. "இத்த இப்பவே ஒட்டிக் குடு நைனா, நான் இங்கியே குந்திகினு கீறேன்" என்றார். அதன் பிறகு நான் சிப்பியை நெம்பி எடுத்தேன். அடியில் இருந்த பள்ளத்தில், சிப்பியை ஒட்டியிருந்த பழைய அரக்கோடு கருஞ்சிவப்பாய் ஏதோ காய்ந்து கிடந்தது. மீன் ரத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அதில் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தது.

மீனவக் குப்பத்து மண்ணாங்கட்டி என்பவன் கால்வாய்க் கரையில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்ததாக, மீன்காரி தேசம்மா முந்தின நாள்தான் எங்கள் வாசலில் சொல்லி அழுதாள். அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

பழைய அரக்கைச் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி பதிக்க வேண்டும். சிப்பித் துணுக்கு தொலைந்துபோகாமல் இருக்க வெள்ளைத் துணிமேல் வைத்துத்தான் சுரண்டுவோம். சுரண்டினால் எல்லாம் துணிமேல் கொட்டும், அவர் பார்ப்பார், நான் பார்த்துவிட்டதும் அவருக்குத் தெரிந்துபோகும். ஆகையால் அதன் மேலேயே சூட்டு அரக்கை ஊற்றிச் சிப்பியை வைத்து அழுத்திவிட்டேன். "இன்னா நைனா, கை இப்டி ஆடுது?" என்றார். "அரக்கு சுட்டுடுச்சு" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுக்கின்மேல் பதித்த சிப்பி நிற்காது. கழன்று விழுந்தால், இனாயத் பார்த்துவிட்டுத்தான் மூடினான் என்று அவருக்கு விளங்கிவிடும். இங்கே வருவதற்குப் புறப்பட்டுப் புறப்பட்டு, பயந்துபோய்த் தெருமுனையிலேயே திரும்பினேன்.

இன்று காலை நான் அரக்கு வாங்கச் சிந்தாதிரிப்பேட்டை போயிருந்த சமயம் துரைராஜ் வீட்டுக்கு வந்திருக்கிறார். கழன்ற சிப்பியை மட்டும் ஷாகிரா கையில் கொடுத்திருக்கிறார். அவள் என்னிடம் சொன்னது: "கோவமே படல. 'கத்திய சாயந்தரம் எத்துகினு வரேன், அவர எங்கியும் போவாம இருக்கச் சொல்லு'ன்னு சிரிச்சிகினே சொன்னான்."

அந்தச் சிப்பியை எஜமான் மேஜைமேல் வைத்திருக்கிறேன். அடிப்பக்கம் பாருங்கள். அரக்கு ஒரு பொட்டும் இல்லை, கத்தி முனையால் கீறிய கோடுகள் மட்டும் இருக்கின்றன. நான் சுரண்டாமல் விட்டதை அவர் சுரண்டியிருக்கிறார்.

ஷாகிராவைக் கூட வரச்சொன்னேன். வீடு பூட்டியிருந்தால் நான் போலீசுக்கு ஓடினது தெரிந்துவிடும் என்று சொல்லி, விளக்கேற்றிக்கொண்டு அவள் அங்கேயே இருக்கிறாள். முதலில் என் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். மற்றதைப் பிறகு கேளுங்கள்.

மேலே கண்டதைச் சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீனிவாசராகவன் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கை நிற்காததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.