சிமிழுக்குள்ள சனி

அந்தக் கண்ணாடியத் தொடைக்காதேயும் பாய். தொடச்சாப் போற பனி இல்ல அது. நீரு எத்தன மட்டம் வாயால ஊதித் தொடச்சாலும் அப்படியேதான் இருக்கும். வாசப்பக்கம் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாரும். தெரியுதா? பூராவும் கீறல். அது ஒண்ணு மட்டுமில்ல, இந்தப் பெட்டியில இருக்கது அம்புட்டும் அந்தக் கதிதான். சாரல்ல நனஞ்சிரக் கூடாதுன்னு துண்டுல பொதிஞ்சு கொண்டாந்தேன். நனஞ்சா மட்டும் இனி என்ன கெட்டுப் போவப் போவுது!

மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு அறுத்துப் போடுத ஒமக்கு இது புதுசாத்தான் இருக்கும். மைக்ரோஸ்கோப்பு இல்ல பாய். டெலஸ்கோப்புக்குள்ளது. ஐபீஸுன்னு பேரு. நீளக் குழாயி இருக்கும்லா, அதுக்குக் கடைசியில, நாம கண்ணு வைக்க எடத்துல சொருகுறது. குழாயி ஒண்ணேதான். சொருகுறத மாத்த மாத்த, தெரியுறது பெருசாவும். இன்னா, இந்தப் பெருசச் சொருகுனா நிலா முழுசாத் தெரியும். இந்தப் பொடிச அதே நிலாவுக்கு வச்சா, அதுல உள்ள ஒரு குழி மட்டும் நம்ம மூக்குக்கு நேரா வந்து நிக்கும். எங்க வீட்ல உலகம்மை சிமிழுன்னுதான் சொல்லுவா. பித்தளையில குட்டையா, குங்குமச் சிமிழு கணக்காத்தான இருக்கு. ஒம்ம சிமிழ எலி உருட்டுது, எந்திச்சுப் பாரும்னுவா.

சிரிச்சுக்கிடும். ஸ்டேசன்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. பார்சல் ஆபீஸ்ல மூட்டைக்குச் சீட்டு ஒட்டுதவனுக்கு வானத்துல என்னலே சோலின்னு மாஸ்டரே கேட்டாரு. நானா தேடிப் போனேன்? அதுல்லா என்னயத் தேடி வந்துச்சு. மலை மேல எஸ்டேட்டுல ஒரு துரை இருந்தாருல்லா, மத்த வெள்ளக்காரனெல்லாம் போன பொறவும் போவாம கெடந்தாரே, அவருதான். ஊருக்குப் போவையில சாமானெல்லாம் புக் பண்ண எங்கிட்ட வந்தாரு. இந்தக் குழாயி பெட்டிக்குள்ள அடங்கல. நடுவுல ஒரு நெளிவு வேற. என்னயப் பாத்தாரு, குழாயப் பாத்தாரு, நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டாரு. கூட ஒரே ஒரு சிமிழு. நிலா முழுசாத் தெரியுதே, அது.

அதோட விட்டிருக்கணும். விடலியே! நிலாவப் பாத்தவனுக்கு அதுல உள்ள குழியப் பாக்கணும்னு வந்துச்சு, குழியப் பாத்தவனுக்கு வியாழனப் பாக்கணும்னு வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சிமிழு வேணும்லா. கொல்லம் வண்டியில வார கார்டு ஒருத்தரு மலையாளத்தான். அவருகிட்டச் சொல்லி வச்சு, அங்கன ஒரு பழைய சாமான் கடையிலருந்து இந்த ரெண்டும் வந்துச்சு. இது மெட்ராசு மூர் மார்க்கெட்டு, சண்டை முடிஞ்சு பட்டாளத்துக்காரன் தள்ளுன பைனாகுலர் ஒண்ணப் பிரிச்சு எடுத்தது. இன்னா இது, வேற சாதி. நம்ம ஓவர்சியர் ஞானதுரை தந்தது. ரோடு அளக்கிற தியோடலைட்ட எவனோ ஐந்தருவிப் பாறையில போட்டு ஒடச்சிட்டான், மிஞ்சுனது இதுதான். ஒரு கண்ண மூடிக்கிட்டு இதுக்குள்ள பாரும். குறுக்கயும் நெடுக்கயும் கோடு தெரியுதா? அது வெளிய இருக்க கோடில்ல. உள்ள நடுவுல காசு மாதிரி ஒரு சின்ன வட்டக் கண்ணாடி நிக்கி, அதுல கீறியிருக்கான். நிலாவ இதுல பாத்தா, நாலாப் பங்கு வச்ச தோச மாதிரி இருக்கும். சீ இது என்னத்துக்குன்னு தூக்கி ஓரமா வச்சிருந்தேன். அத ஞாவகம் வச்சுக்கிடும், பொறவு வாரேன்.

இந்தக் கூட்டத்துக்கு இதுதான் ராசா. பாரும், ஓட்டை கடுகுத் தண்டிதான் இருக்கும். இத வச்சுத்தான் நான் சனியப் பாத்தேன். ஆமா பாய், சனிதான். வளையம் இருக்குன்னு புஸ்தகத்துல படிச்சிருப்பீரு. நான் இந்தக் கண்ணால பாத்தேன். சுத்தி ஒரு வளையம், எதுலயும் ஒட்டாம, தனியா. நம்ம பொம்பளையளு கையில இருக்க வளையலக் கொஞ்சம் சாச்சுப் பிடிச்சா எப்படியிருக்கும், அப்படி. எனக்கு அழுகையே வந்துட்டு. ஏட்டி உலகம்மை, மேல வாட்டி, ஓடி வான்னு கத்துனேன்.

அவ வரல.

வருவாளா? சனிக்கிழமையானா தவறாம எள்ளு வெளக்கு போடுதவ. ஊரே அவன் கண்ணுல படாமத் தப்பிச்சு ஓடுது, நீரு குழாயப் போட்டுக் கூப்புடுதீராக்கும், அவன் நம்மளத் திரும்பிப் பாத்துட்டா என்ன செய்வீருன்னு ஒரே ஏச்சு. அந்தானிக்குப் படிக்கட்டுல காலே வைக்கல. அதுவும் எட்டுக் கிரகமும் ஒரே ராசியில அட்டகிரகமாக் கூடுச்சே, உலகம் அழியப்போவுதுன்னு தெருவுக்குத் தெரு ஹோமம் வளத்தாங்களே, அந்த மாசம் குழாயக் கோணிச் சாக்குல கட்டி அடுக்களப் பரண்ல ஏத்திட்டா. உலகம் அழியல. நான்தான் ஏணி போட்டு எறக்குனேன்.

இரும், கீறல் எப்படி விழுந்துச்சுன்னு கேட்டீருல்லா, அதுக்குத்தான் வாரேன். அதே வருசம் ஆயுத பூசை. ஒமக்குத் தெரியாததா, அன்னைக்கு எங்காளுக அருவாமண, சைக்கிளு, தராசு, எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வச்சுச் சாமி முன்னால வைப்பாங்க. எங்க வீட்ல எப்பவும் எம் பேனாவும் பார்சல் ஆபீஸ் சாவியுந்தான். அன்னைக்கு டூட்டி முடிஞ்சு வாரேன், சரஸ்வதி படத்துக்கு முன்னால தலைவாழ எல, அதுல வரிசையா என் சிமிழு அம்புட்டும் உக்காந்திருக்கு. தங்கம் கணக்கா மின்னுது. புளியும் சாம்பலும் போட்டு, தேங்கா நாரால வெளக்கியிருக்கா பாய். குத்துவெளக்கு வெளக்குத மாதிரி. வெளிய மட்டுமில்ல, வெரல உள்ள விட்டு, கண்ணாடியயும் சேத்துத் தேச்சிருக்கா. ஒவ்வொரு கண்ணாடிக்கும் நடுவுல சந்தனம், அது மேல குங்குமம்.

அவ மூஞ்சியப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டு நிக்கா. என்ன சொன்னாங்கீரு? பேனாவும் சாவியும் ரயில்வேக்காரனுக்குள்ளது, ஒம்ம ஆயுதம் இதுதான, நான் இத்தன வருசம் இதுக்கு ஒரு பொட்டு வைக்கலியேன்னா. அதுவரைக்கும் ஒரு தடவகூட அந்தச் சிமிழுகளத் தொட்டவளில்ல. நல்லாருக்கு உலகம்மை, பளபளன்னு இருக்குன்னேன். சூடம் கொளுத்துனா, தொட்டுக் கும்பிட்டேன்.

கண்ணாடியெல்லாம் போச்சுன்னு நீரு சொல்லியிருப்பீரோ? பாரும், நீரும் சொல்லியிருக்க மாட்டீரு.

வேற வாங்குறதுக்கு எங்கன போவ? அதே மாசந்தான சீனாக்காரன் சண்டைக்கு வந்தான். கொல்லத்துக் கடைக்காரன் இருக்கத எல்லாம் பட்டாளத்துக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னுட்டான். கார்டும் ரிட்டயராயிட்டாரு. ஆனா குழாயத் தூக்கிக்கிட்டு மொட்டை மச்சிக்கு ஏறுறத நான் நிறுத்தல. நிறுத்துனா ஏன்னு கேப்பாள்லா. முன்னாலெல்லாம் ஒரு வார்த்த கேக்க மாட்டா. வெளக்கி வச்ச பொறவு, தான் பண்ணுன வேல எப்படியிருக்குன்னு பாக்கணும்லா அவளுக்கு, சோறு போடுதப்ப கேப்பா. இன்னைக்கு என்ன தெரிஞ்சுது, இப்ப முன்னவிட நல்லாத் தெரியுமேன்னு. ஆமா, நல்லாத் தெரியுதும்பேன். மேல போயிப் பாத்தா, மோர ஊத்துன மாதிரி இருக்கும் வானம். பழசுல பாத்தத ஞாவகத்துலருந்து எடுத்து ஒவ்வொண்ணாச் சொல்லுவேன். வியாழனுக்குப் பக்கத்துல நாலு பொட்டும்பேன். சனிக்கு வளையம்பேன். கையில சோத்துக் கரண்டியோட கேட்டுக்கிட்டே இருப்பா. அவன் அம்புட்டு அழகாவா இருக்கான்னு கேப்பா.

என்ன, தேச்சு எடுக்க முடியாதா? அந்த வளைவு போயிரும், பொறவு சும்மா கண்ணாடிதான்னு சொல்லுதீரு. சரி. எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒம்ம வாயால ஒரு தடவ கேட்டுக்கிடுவோம்னுதான் வந்தேன். எல்லாத்தையும் பாத்தாச்சா? ராசாவயும்? சரி.

அப்படின்னா இதப் பாரும். ஞானதுரை தந்தது. இது கொஞ்சம் குழி ஆழம், அவ வெரலு முழுசாப் போவல. மேலாலதான் கீறல். சனிய இதுல பாத்தாலும் ஒரு பொட்டுதான், வளையமெல்லாம் பிரியாது. அதுவும் இப்ப ஆடி மாசம், மேகம் என்னைக்கு வெலக? குத்தாலத்துல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, எல்லாரும் சந்தோசமாத்தான் குளிக்காங்க. எனக்கு வேண்டியது வானமில்ல. உள்ள கோடு போட்ட வட்டக் கண்ணாடி நிக்கில்லா, அத எடுத்துட்டு, அதே அளவுல ஒண்ணு நீரு அறுத்துத் தரணும். சும்மா வெறுங்கண்ணாடி. அதச் சிமினி வெளக்குல காட்டிக் கரி பிடிக்க வைக்கணும், கன்னங்கரேல்னு. அதுல ஊசியால நடுவுல ஒரு பொட்டு, சுத்தி ஒரு வளையம். கரி போன எடத்துல வெளிச்சம் வரும்லா. உள்ள பாக்கிறவங்களுக்கு இருட்டுக்குள்ள அது மட்டும் தெரியும். கரி நானே பிடிச்சிருவேன். கீறுததுதான், அம்புட்டு நுணுக்கம் ஒம்ம கைக்குத்தான் வரும்.

யாரு பாக்கவா? அவதான். உலகம்மைதான். ஒமக்குத் தெரியாதுல்ல, வெளிய யாருகிட்டயும் நான் சொல்லல. வயித்துல கட்டி. பங்குனியில பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். தொறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, என்ன கேக்காங்களோ அதக் குடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மக சுரண்டையிலருந்து வந்து அதக் கேளு இதக் கேளுங்கா. பாலும் எறங்கல, அவ என்னத்தக் கேப்பா? முந்தா நாளு என்னய மட்டும் பக்கத்துல கூப்பிட்டா. இந்தாரும், எனக்கு ஏழரைன்னு சோசியக்காரன் சொன்னாம்லா, என்னயப் பிடிச்சவன் மூஞ்சிய ஒருக்காக் காட்டும்னா. நீரு சொல்லுத மாதிரி அழகா இருந்தாம்னா சரி, அவன் மேல எனக்கு வருத்தமில்லன்னா.

காட்டுதேன், மேகம் வெலகட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன். சிமிழெல்லாம் நல்லாத்தான வச்சிருக்கேன்னு கேட்டா. நல்லாத்தான் இருக்குன்னேன்.

அவள மச்சிக்குத் தூக்க வேண்டாம் பாய். கட்டிலுக்கு நேரா சன்னலு. சன்னலுக்கு நேரா முனிசிபாலிட்டி லைட்டு எரியுது. குழாய அதுக்கு நேரா வச்சிருவேன். சனிக்கும் தெரு லைட்டுக்கும் வித்தியாசம் பாக்கிற தெளிவு இப்ப அவளுக்கு இல்ல.

நாளைக்கு வாரும்னு மட்டும் சொல்லிராதேயும். இப்பவே அறுத்துக் குடும், நான் இங்கனயே நிக்கேன். அந்தச் சிமினிய இப்படி நவுத்தும். பொட்டு ரொம்பப் பெருசா வேண்டாம். வளையத்த நேராப் போட்டுராதேயும் பாய், கொஞ்சம் சாச்சுப் போடும். சாஞ்சுதான் இருக்கும் அது. நான் பாத்திருக்கேன்.