நான்காவது லேனில் கஞ்சி வாசனை

வெள்ளை பேன்ட்டுக்குக் கஞ்சி போடுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. கஞ்சி கொதிக்கவும் கூடாது, ஆறிப்போகவும் கூடாது, கை பொறுக்கிற சூட்டில் இருக்க வேண்டும். நான் அதில் கொஞ்சம் வெட்டிவேரையும் போட்டு ஊறவைப்பேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ராஜமாணிக்கம் சார் வருவதற்கு முன்னால் அவர் பேன்ட்டின் மடிப்பு வந்துவிடும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பிரிசில்லா மேடம். விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

சிதம்பரத்தில் அந்த நீச்சல் குளத்துக்குள் நுழைந்ததும், கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு பச்சைப் பலகை மாட்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரியும், அன்றைய போட்டிக்கு நீங்கள்தான் நடுவர். அதில் மேலிருந்து இரண்டாவது வரி: நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல், ஆண்கள், ஆர். ராஜமாணிக்கம், கடலூர், 1996. இத்தனை வருடத்தில் அந்த நேரத்தை யாரும் முந்தவில்லை. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. என் பெயர் எழுதியிருக்கும் இடம் உலகத்தில் இரண்டுதான். ஒன்று ரேஷன் கார்டு, இன்னொன்று அந்தப் பலகை. மாதத்துக்கு ஒரு தடவையாவது சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவேன். சாமி கும்பிட என்று வீட்டில் சொல்வேன். கோயிலுக்கும் போவேன், நேரம் இருந்தால்.

இப்போது உடை விஷயத்துக்கு வருகிறேன். 2008, 2009 வாக்கில் உலக நீச்சலில் ஒரு கூத்து நடந்தது. ரப்பர் மாதிரி ஒரு பொருளில் தோளிலிருந்து கணுக்கால் வரை உடை செய்தார்கள். அது உடம்பை இறுக்கிப் பிடிக்கும், ஆளைத் தண்ணீரில் தூக்கிக் கொடுக்கும். ரோமில் நடந்த ஒரே போட்டியில் நாற்பதுக்கு மேல் உலக சாதனைகள் உடைந்தன. நீந்தியது ஆளா, உடையா என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் உலக சம்மேளனமே வெட்கப்பட்டு 2010இல் அதற்குத் தடை போட்டது. இப்போது ஆண்கள் தொப்புளுக்குக் கீழே, முட்டிக்கு மேலே, துணியால் ஆன உடைதான் போடலாம். ஆனால் அந்தத் துணியையாவது சும்மா விட்டார்களா? தண்ணீர் ஒட்டாத பூச்சு, தொடையை நெருக்கும் பட்டை, தையலே இல்லாமல் சூடு வைத்து ஒட்டிய விளிம்பு. நான் 1996இல் போட்டது நீல நிற நைலான் ஜட்டி, நாடா வைத்தது. ஆளை நீந்தவிடாமல் உடை நீந்தினால் அதற்குப் பெயர் சாதனை இல்லை. இதை நான் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே பல தடவை பேசியிருக்கிறேன். தலைமையாசிரியர் மைக்கை வாங்கிக்கொள்வார்.

அந்த ஜட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு எல்லாப் போட்டிக்கும் எடுத்துப்போவேன். பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

என் தங்கை விருத்தாம்பாளை நெல்லிக்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை காத்தவராயன் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார். அவர்களுக்கு ஒரே பையன், செந்தமிழ்செல்வன். கெடிலம் ஆற்றில் தண்ணீர் இருந்த ஒரு வருடத்தில் அவனை இடுப்பில் பிடித்து நீச்சல் சொல்லிக்கொடுத்தது நான்தான். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். சிதம்பரம் போட்டியில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கான தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். இரண்டாவதாக வந்தால் அப்பாவோடு ஆலைக்குப் போக வேண்டியதுதான். தங்கை அந்த ரயில்வே வேலைக்காக எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். அவன் வெல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். மெதுவாக வெல்லலாமே என்று நினைத்தேன்.

காத்தவராயன் ஆன்லைனில் ஒரு நீச்சல் உடைக்கு ஆர்டர் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தார்.

“மச்சான், பார்சல் உங்க வீட்டுக்குத்தான் வரும். நீங்கதான் எடுத்தாந்து தட்டுல வச்சிக் குடுக்கணும். ஒங்க தங்கச்சி ஒத்தக் கால்ல நிக்கிறா.”

தங்கை போனைப் பிடுங்கினாள். “நீச்ச டிரஸ்ஸா இருந்தா என்னாண்ணே, புதுத் துணி புதுத் துணிதான். எம்புள்ள வாழ்க்கையே அதுலதான் இருக்குது. தாய்மாமன் கையால வந்தாத்தான் வெளங்கும்.”

தாய்மாமன் சீர் என்று கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியுமா? பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்புத் துணி. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேம்பிலையில் உருள்வது போல உருண்டு தரையில் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மேடம். மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்ததும் பச்சைப் பலகையில் பெயிண்டர் என் பெயரைச் சுரண்டுகிற சத்தம் காதில் கேட்டது.

புதுத் துணியை ஒரு தடவை நனைத்துப் போட்டுத்தான் உடுத்த வேண்டும், அது நம் வழக்கம். நனைத்தேன். நனைத்த துணியை அப்படியே விட்டால் துவண்டு கிடக்கும், சீர்த் தட்டில் வைத்தால் மரியாதையாக இருக்காது. பேன்ட்டுக்குப் போட்ட கஞ்சியில் மிச்சம் இருந்தது. கஞ்சியை உருண்டு ஓடவிட்டது அந்தப் பூச்சு. விடுவேனா? பூச்சு போகும் வரை துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சவுக்காரத்தில் ஊறவைத்துவிட்டு, மறுபடியும் கஞ்சியில் முக்கினேன். அப்புறம் பிடித்துக்கொண்டது. நிழலில்தான் காயப்போட்டேன். துணி வெளுத்துவிடக் கூடாது என்கிற அக்கறை எனக்கு இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இஸ்திரி போட்டேன். உள்பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு இருந்தது, அதில் இஸ்திரிப் பெட்டி படம் வரைந்து குறுக்கே பெருக்கல் கோடு போட்டிருந்தார்கள். அதன் பொருள் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பின்பக்கம் நடுவில் இரண்டு துண்டும் ஒட்டியிருக்கிற இடம் இருக்கிறதல்லவா, அங்கே மட்டும் பெட்டியை நன்றாகச் சூடாக்கி, எஃப்.எம்.மில் ஒரு பாட்டு முடிகிற வரை வைத்திருந்தேன். பாட்டு நன்றாக இருந்ததால் நேரம் போனது தெரியவில்லை என்று முதலில் சொல்லலாம் என்றிருந்தேன். விளம்பரமும் முடிகிற வரை வைத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

போட்டிக்கு முந்தின நாள் நெல்லிக்குப்பம் போனேன். வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் நீச்சல் உடை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தேன். உடை தட்டில் படுக்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு தானாகவே நின்றது. பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். காத்தவராயன் அதை விரலால் சுண்டிப் பார்த்தார். டக் என்று சத்தம் கேட்டது.

“வெலைக்கேத்த சரக்குதான் மச்சான். எப்டி நிக்குது பாருங்க!”

பையனோடு நீந்துகிற தஹ்ஸீன் அங்கே இருந்தான். விவரம் தெரிந்த பிள்ளை என்று அவனைப் பார்த்துத்தான் பயந்தேன். அவனும் தட்டிப் பார்த்துவிட்டு, “மச்சி, இதாண்டா கம்ப்ரெஷன். ஜாஸ்தி டைட்டா இருந்தாத்தான் தண்ணிய வெட்டும்” என்றான். அதோடு என் பயம் போயிற்று. உயர்ந்த தொழில்நுட்பம் என்றால் நம் ஜனங்கள் எதையும் ஏற்றுக்கொள்வார்கள். செல்வன் என் காலில் விழுந்து தட்டை வாங்கினான். நான் நெற்றியில் திருநீறு பூசி, நன்றாக இரு என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நன்றாக இருப்பதற்கும் வேகமாக நீந்துவதற்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் நடந்தது நீங்கள் கண்ணால் பார்த்தது. உடை மாற்றுகிற அறையில் உடை வழுக்கி ஏறட்டும் என்று செல்வன் காலில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு அதற்குள் நுழைய, தஹ்ஸீன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தோம். மூட்டையில் நெல்லைக் குலுக்கி இறக்குவது போல அவனைக் குலுக்கி இறக்கினோம். வெளியே வரும்போது அவன் முட்டி மடங்காமல் நடந்தான். கவாத்துக்குப் போகிற போலீஸ்காரர் மாதிரி இருக்கிறது என்று யாரோ சிரித்தார்கள்.

நான்காவது லேன். குதிக்கிற மேடை மேல் ஏறுவதற்கு முன்னால் குளத்துத் தண்ணீரை அள்ளி மேலே தெளித்துக்கொண்டான். தொடை வழியாக வெள்ளையாக வடிந்து குளத்தில் கலந்தது. குளோரின் வாசனைக்கு நடுவே வெட்டிவேர் மணந்தது. நீங்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மூக்கைச் சுளித்ததைப் பார்த்தேன். அவன் மேடையில் ஏறிக் குனிந்தான். ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை. மகளிர் பகுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நீங்கள் பெரிய மனது வைத்து, வேறு உடை போட்டு வர அவகாசம் கொடுத்தீர்கள். அவனுடைய பழைய உடைகள் நாங்கள் வந்த வேனில் இருந்தன. வேன் சாவி டிரைவரிடம், டிரைவர் டீக்கடையில். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். கண்ணில் தண்ணீர்.

“மாமா, ஒன் ஜட்டியக் குடு மாமா. சீக்கிரம்.”

இங்கே ஒரு விஷயத்தை நான் தெளிவுபடுத்த வேண்டும். நான் அதைத் தயங்காமல் கொடுத்தேன். தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காக இல்லை. அந்த ஜட்டியில் நீந்திப் பார்த்தால்தான் 1996இல் நான் பட்ட பாடு அவனுக்குப் புரியும். ரயில்வேயை நான் அப்போது நினைக்கவில்லை. தங்கை முகத்தையும் நினைக்கவில்லை. உறையின் ஜிப்பைத் திறக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாடாவை நானே இறுக்கிக் கட்டிவிட்டேன்.

அவன் குதித்தான். ஜட்டிக்குள் காற்று புகுந்து பின்பக்கம் பலூன் மாதிரி உப்பியது. நான் பக்கத்தில் இருந்தவரிடம், பாவம், என்று சொன்னேன். ஐம்பதில் திரும்பும்போது அவன் மூன்றாவது. பிறகு என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தங்கை அடித்தொண்டையில் கத்தினாள். காத்தவராயன் நாற்காலி மேல் ஏறி நின்றார். செல்வன் சுவரைத் தொட்டபோது மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் கையில் இருந்த கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தீர்கள். என் சாதனை அரை வினாடியில் போயிற்று.

அவன் சொட்டச் சொட்ட ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். “மாமா, ஒன் ஜட்டி ராசியானது மாமா. இது இல்லன்னா இன்னிக்கி நான் அவ்ளோதான்.” என் வெள்ளை பேன்ட் நனைந்து கஞ்சியெல்லாம் போயிற்று.

அப்போதுதான் தங்கை கிழிந்த உடையைத் தரையிலிருந்து எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். என் பேன்ட் பக்கம் குனிந்து அதையும் முகர்ந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், வெட்டிவேரை மறைக்க முடியாது.

“வேலியே பயிர மேஞ்சிருக்குது. ஏண்ணே, அவன் ஒன்ன என்னா பண்ணான்?” என்று மட்டும் கேட்டாள். சத்தம் போடவில்லை. உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தவள் அவள்தான் என்று தெரியும். அதற்காக அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பொங்கலுக்குக் கூப்பிடவில்லை, அதில்தான் வருத்தம். செல்வன் மட்டும் போன் செய்தான். ரயில்வேயிலிருந்து தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அந்த ஜட்டியையே போட்டுக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். துவைத்துத் தருகிறேன் என்றேன். “வேணாம் மாமா, நானே தொவச்சிக்கிறேன்” என்று அவசரமாகச் சொன்னான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பூச்சைத் தேய்த்து எடுத்தது நான், கஞ்சி போட்டது நான், தெரிந்தே பெட்டியை வைத்து ஒட்டியதைப் பிரித்ததும் நான். நடுவராகவோ பயிற்சியாளராகவோ குளத்துப் பக்கம் வரக் கூடாது என்று தடை போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் பலகைக்கு பெயிண்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள் மேடம். நீந்துவது ஆள் இல்லை, உடைதான் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். உலக சம்மேளனமே அதை ஏற்றுக்கொண்டு தடை போட்டிருக்கிறது. அன்று நீந்திய உடை யாருடையது என்று பையனே எல்லார் முன்னாலும் சொன்னான். அதனால் என் பெயரைச் சுரண்ட வேண்டியதில்லை, நேரத்தையும் வருடத்தையும் மட்டும் மாற்றினால் போதும்.