அரைச் சுற்று

— கடைசியா ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்கு அக்கா. பிளக் மாட்டிட்டேன்.

— ஒன்றரை வருஷமா இதேதான் சொல்றே, துனியேல். விசிறி வேணும்னுதானே இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தே? கழட்டி எடுத்துக்கிட்டுப் போயேன்.

— கழட்டத்தான் போறேன். கரண்ட் போற நேரத்துல மோட்டார்சைக்கிள் பாட்டரியில ஓட்டிக்கலாம், அப்பாவுக்கும் கொஞ்சம் காத்து வரும். இன்னைக்கு அதிசயமா ஹவானா பூரா காலையிலேர்ந்து கரண்ட் இருக்கு. அதான் ஒரு ஆசை. அமுக்கு.

— இந்தா, அமுக்கிட்டேன்.

— பாத்தியா! அரைச் சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு. பச்சை லைட்டு கண்ணடிச்சிட்டுப் போயிடுச்சு. அன்னைக்கும் இதே கூத்துதான். முழுசா செத்தும் தொலையாது, எழுந்தும் நிக்காது, சனியன்.

— சரி, விடு. காபி குடிக்கிறியா? பட்டாணி கலந்ததுதான். மூஞ்சியைச் சுளிக்காமக் குடிக்கணும்.

— எல்லாம் அந்த லியாந்த்ரோ பண்ணின வேலை. ரெண்டு பேரும் சேந்து பழைய ரஷ்ய வாஷிங் மெஷின் தகரத்தை வெட்டி இந்தப் பெட்டியைச் செஞ்சோம். ஒரு முழுப் பன்னித் தொடையைக் குடுத்து, இதுக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை டப்பாவை வாங்கினோம். அதைக் கழட்டி வித்துட்டு, அதே மாதிரி செத்தது ஒண்ணை மாட்டி வெச்சுட்டானே!

— உன் கண்ணால பாத்தியா?

— முந்தின நாள் தூசி தட்டறேன்னு மாடிக்கு வந்தது அவன் ஒருத்தன்தான். மறுநாள் இது எழும்பலை. இந்த ஊர்ல மெஷின் எழும்பலைன்னா எவன் பாகத்தை மாத்தினான்னுதானே முதல்ல கேப்பாங்க?

— நீ எங்கடா கேட்டே? பால்கனியில நின்னுக்கிட்டு, தெரு முச்சூடும் கேக்க, திருடன்னு கத்தினே.

— வயித்தெரிச்சல்ல கத்தினேன். இதுல சினிமாப் படம் காப்பி பண்ணி வீடு வீடாக் குடுத்து, நிகரகுவா வழியா அமெரிக்கா போயிடலாம்னு ரெண்டு பேருக்கும் டிக்கெட்டுக்குப் பணம் சேத்துக்கிட்டிருந்தோம். இன்னும் ரெண்டே மாசம் இருந்துச்சு அக்கா. அவனாவது நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உனக்கு மோதிரம் போட்டவன். மச்சான் மச்சான்னு எப்படிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்!

— அப்புறம் எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல நடப்பான்? மாமன்கிட்டக் கெஞ்சி டிக்கெட் வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டான். மெக்சிகோ எல்லையில இன்னும் தட்டுக் கழுவிக்கிட்டிருக்கானாம். அவங்க அம்மா ரேஷன் கியூவுல என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க.

— சரி, அழாதே. விசிறியோட அந்தச் செத்த சப்ளையையும் எடுத்துடறேன்.

— அது எதுக்குடா? விசிறி போதும்ல?

— ரெண்டே ஸ்க்ரூ... வந்துடுச்சு, ஒயரைத்தான் இன்னும் உருவலை. அக்கா, டார்ச்சைக் கொஞ்சம் இங்க காட்டு. இந்த மூலை நெளிஞ்சிருக்கு பாரு.

— இருந்தா என்ன?

— வாங்கிக்கிட்டு வந்த அன்னைக்கே மாடிப்படியில கீழே போட்டேனே, அந்த நெளிவு! இது நம்மளோடதேதான். அவன் மாத்தவே இல்லையே!

— கோப்ரே மாதாவே...

— இங்க பாரு, இந்த ஓட்டைக்குள்ள சிவப்பு சுவிட்ச். இருநூத்து இருபதுல நிக்குது! நம்ம பிளக்குல வர்றது நூத்திப் பத்து வோல்ட்டு. அரை வயித்துக் கஞ்சியை ஊத்தி எழுந்து ஓடுன்னா எப்படி ஓடும்? நான் ஒரு முட்டாள், பாகத்தையே குறை சொல்லிக்கிட்டிருந்தேன், இதைப் பாக்கவே இல்லை.

— பிளக்கை உருவிட்டுக் கையை வை.

— உருவிட்டேன். திருப்பிட்டேன். மறுபடி மாட்டறேன். அமுக்கு. அமுக்கு அக்கா! ஏன் நிக்கிறே? தள்ளு, நானே அமுக்கறேன்.

— சுத்துது.

— சுத்துது! நிக்காம சுத்துது! திரையில எழுத்து வருது பாரு! ஒண்ணுமே கெட்டுப்போகலை அக்கா. அவன் பேரு ஒண்ணுதான் கெட்டுப்போச்சு. பாவம், தூசி தட்டும்போது விரல் பட்டிருக்கும், அவனுக்கே தெரிஞ்சிருக்காது.

— விரல் பட்டு நகராது அது. கொண்டை ஊசியை விட்டுத் தள்ளினாத்தான் நகரும்.

— உனக்கெப்படித் தெரியும்?

— யாரேமிஸ், நீ இதை மட்டும் தொட்டுடாதேன்னு ஒரு நாள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அவன்தான் எனக்குக் காட்டினான்.

— அக்கா...

— நீங்க ரெண்டு பேரும் போயிட்டா, எழுந்திரிக்க முடியாத அப்பாவை வெச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்னடா பண்ணுவேன்? போனவங்க எவங்க திரும்பி வந்திருக்காங்க? கொஞ்ச நாள் ஓடாம இருக்கட்டும், அதுக்குள்ள உங்க மனசு மாறிடும், அப்புறம் திருப்பி வெச்சுக்கலாம்னு இருந்தேன். விடிஞ்சா நீ பால்கனியில நிக்கறே.

— அப்பவே என்னைப் பிடிச்சு இழுத்துச் சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்தை!

— வாய் வரலை. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு, அவன் பிளேனும் ஏறிட்டான்.

— ஃபோனை எடு. இப்பவே பேசணும். நான் காலைப் பிடிக்கறேன், ஆனா நீயும் உன் வாயால சொல்லணும். யாரு பண்ணினதுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?

— தெரியும்டா. நான் ஊசியை விட்டுத் தள்ளறப்போ, தூசித் துணியும் கையுமா என் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தான்.