ஓடாத டாங்கி கேசட்

கோகிலவாணி: ...அக்கான்னு கூப்புட வேண்டாமுங்க. இங்க நீங்க கேசட்டுக் குடுத்தவரு, நா வாங்குனவ. அவ்வளவுதான்.

அருண்குமார்: செரிங்க மேடம்.

கோகிலவாணி: மேடமும் வேண்டாமுங்க.

அருண்குமார்: அப்பறம் என்னன்னுதான் கூப்படறது?

கோகிலவாணி: பாலுசாமி. இன்டர்நெட்டுல அந்தப் பேருலதான கேசட் கேட்டிருந்தேன்.

அருண்குமார்: மச்சான் பேரச் சொல்லி உன்னையக் கூப்படோணுமா? செரி... ஏனுங்க பாலுசாமி, சித்தெ உக்காரலாமுங்களா? காந்திபுரத்துலருந்து நின்னுட்டே வந்தேன்.

கோகிலவாணி: உக்காருங்க. அந்தச் சேருல வேண்டாம், அது ஆடும்... இதுல. நாலு மணிக்கு அடுத்த பேட்ச் வந்துரும், நா கிளாஸ் எடுக்கோணும். வெசையாச் சொல்லுங்க.

அருண்குமார்: நல்லா நடக்குதா சென்டரு? எத்தன பேரு படிக்கறாங்க?

கோகிலவாணி: மேட்டுப்பாளையத்துல கம்ப்யூட்டர் படிக்க எத்தன பேரு வந்தா உங்களுக்கென்னுங்க? வந்த சோலியப் பாருங்க.

அருண்குமார்: நீ எழுதுனதுதான் சோலி. பழைய டி.வி. கேம் கேசட் மாத்திக்கற அந்த இன்டர்நெட் பக்கத்துல, எம் பேருக்கு நேரா ஒரு செவப்புப் புள்ளி. அதுக்குக் கீழ... "கேசட் ஓடவில்லை. பொய் சொல்லித் தள்ளிவிடுகிற ஆள். யாரும் நம்ப வேண்டாம்."

கோகிலவாணி: இங்கிலீசுல எழுதுனனுங்க. தமிழ்ல கேக்க இன்னும் கேவலமா இருக்குது.

அருண்குமார்: ஒரு வருசத்துல பதினேழு பேருகூட கேசட் மாத்தியிருக்கறேன். பதினேழும் பச்சைப் புள்ளி. இந்த ஒண்ணு உழுந்ததும் சேலத்துக்காரரு ஒருத்தரு, பேசி முடிச்ச கேசட்ட வேண்டாம்னுட்டாரு.

கோகிலவாணி: அப்ப என்ற எழுத்துக்கும் மதிப்பிருக்குதுங்கறீங்க.

அருண்குமார்: பக்கத்த நடத்தற பையன், தீபக்குனு... அவனுக்கு மெயில் போட்டேன். ஆரு சொல்றது நெசம்னு எனக்கெப்படித் தெரியும், ரெண்டு பேரும் நேருல பாத்துப் பேசுங்க, தீந்துருச்சுன்னு ரெண்டு பேரும் எழுதுனாத்தான் புள்ளிய எடுப்பேன்னுட்டான்.

கோகிலவாணி: வெவரமான பையன்.

அருண்குமார்: அதுதான் வந்தேன்.

கோகிலவாணி: அதுக்குத்தான் வந்தீங்க.

அருண்குமார்: ...ம்.

கோகிலவாணி: வேற ஒண்ணுக்கும் இல்ல.

அருண்குமார்: வேறென்ன இருக்குது... செரி, சொல்லு. கேசட் எப்படி ஓடல? படமே வரலியா, இல்ல வந்துட்டு நின்னு போகுதா?

கோகிலவாணி: அது... கோடு கோடா வருதுங்க.

அருண்குமார்: நெட்டுக்கா, குறுக்கயா?

கோகிலவாணி: ரெண்டுந்தான்.

அருண்குமார்: ரெண்டுமா! சத்தம்?

கோகிலவாணி: சத்தம்... கர்ருங்குது.

அருண்குமார்: கர்ருங்குது. ஊதிப் பாத்தியா?

கோகிலவாணி: ஊதாம? ஊதி, தொடச்சு, மறுக்காவும் மாட்டிப் பாத்தாச்சு.

அருண்குமார்: எந்தப் பக்கம் ஊதுன?

கோகிலவாணி: ஏனுங்க, கேசட்ட ஊதறதுக்கு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்க! மூக்க ஒழுக்கிட்டு, ட்ரவுசர ஒரு கையில புடிச்சுட்டு, "அக்கா ஊதிக்குடு, அக்கா ஊதிக்குடு"ன்னு...

அருண்குமார்: இப்ப மட்டும் நா கேசட்டுக் குடுத்தவரு இல்லையா?

கோகிலவாணி: ...வாய் தவறிருச்சுங்க.

அருண்குமார்: இன்னும் சித்தெ தவறட்டுமே. நல்லாத்தான் இருக்குது கேக்க.

கோகிலவாணி: ஒண்ணு கேக்கறேன். மாத்தறதுக்கு உங்களுக்கு வேற கேசட்டே கெடைக்கலீங்களா? அந்த டாங்கி கேசட்டத்தான் போடோணுமா?

அருண்குமார்: கெடந்துச்சு. போட்டேன்.

கோகிலவாணி: "ரெண்டு பேரு சேந்து ஆடறது. ஒரு மூலை ஒடஞ்சிருக்கும். பின்னால நீல மையில 'கோ'ன்னு எழுதியிருக்கும்." இப்படியா எழுதுவாங்க?

அருண்குமார்: ஒடஞ்சதச் சொல்லாம உட்டா ஏமாத்துனதா ஆயிரும்ல?

கோகிலவாணி: ஒடஞ்சதச் சொல்லலாம். "கோ"ன்னு இருக்கறத எதுக்குச் சொன்னீங்க? பாக்கறவங்களுக்கு அது ஆருன்னு தெரியுமா?

அருண்குமார்: தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும். நா போட்டு ஒரு மணி நேரம் ஆகல. "பாலுசாமி, பாக்கு மண்டி, மேட்டுப்பாளையம். எனக்கு வேண்டும். பதிலுக்கு பைக் ரேஸ் கேசட் தருகிறேன்." மச்சான் எந்தக் காலத்துல பைக் ரேஸ் ஆடுனாரு?

கோகிலவாணி: அப்ப தெரிஞ்சுதான் "டியர் சார்"னு மெயில் போட்டீங்களா?

அருண்குமார்: நீயுந்தான் "டியர் சார்"னு போட்ட.

கோகிலவாணி: நீங்க போட்டீங்க, நானும் போட்டேன்.

அருண்குமார்: மொதல்ல போட்டது நீ. ஒரு மாசம்! கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு சாரு, சாருன்னு... "தங்கள் நலம் அறிய ஆவல்"னு வேற ஒருக்கா எழுதுன.

கோகிலவாணி: அது மரியாதைக்கு.

அருண்குமார்: அந்த மெயில அச்செடுத்து வெச்சிருக்கறேன், அக்கா.

கோகிலவாணி: கூப்புடாதீங்க.

அருண்குமார்: "பொய் சொல்ற ஆளு"ன்னு எழுதுனது கேசட்டுக்கா? எனக்கா?

கோகிலவாணி: ...ரெண்டுக்கும்.

அருண்குமார்: ம்.

கோகிலவாணி: தெனமும் சாயங்காலம் போன் பண்ணுவீங்க. அப்பன் எங்கன்னா, "தறிக்குப் போயிருக்கறாருக்கா." மக்காநாளும் தறிக்கு. அதுக்கடுத்த நாளும் தறிக்கு. பல்லடத்துல தறிக்குப் போன மனுசன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கெடந்திருக்கறாரு.

அருண்குமார்: உனக்கு எட்டு மாசம் அப்ப. ரத்தம் போயிப் படுத்த படுக்கையாக் கெடந்த. எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா...

கோகிலவாணி: தெரியும்.

அருண்குமார்: கார் வெச்சுக் கூட்டிட்டு வந்திருந்தா...

கோகிலவாணி: தெரியுங்கறனில்ல! மூணு வருசமா நானே எனக்கு அதத்தான் சொல்லிக்கறேன். எம் புள்ள இனியா ஓடறப்ப, சிரிக்கறப்ப, ஒவ்வொரு வாட்டியும் சொல்லிக்கறேன். ஆனா... இனியா பொறந்ததும் நா என்ன கேட்டேன்? பேத்தியப் பாக்க அப்பன் ஏன் வரலைன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?

அருண்குமார்: நூலெடுக்க ஈரோட்டுக்குப் போயிருக்கறாருன்னு.

கோகிலவாணி: அன்னைக்கு அவரு செத்துப் போயி எட்டு நாளு. எட்டு நாளு கண்ணு! மொகத்தக்கூட பாக்கல நானு. மொட்டையடிச்ச தலைக்குத் துண்டு கட்டிட்டு வந்து, என்ற பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்த...

அருண்குமார்: மச்சானுக்குந்தான் தெரியும்.

கோகிலவாணி: அவரோடயும் ஆறு மாசம் பேசல. அவரு எம் புருசன், ஊட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்தாரு, பேசித்தான ஆகோணும். நீ அப்படியா? அம்மா போன பொறவு உனக்கு நாந்தான தலை சீவி உட்டேன். என்றகிட்டப் பொய் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?

அருண்குமார்: வரல.

கோகிலவாணி: என்ன வரல?

அருண்குமார்: வாய் வரல. அதனாலதான் சொன்னதையே சொன்னேன். "தறிக்குப் போயிருக்கறாரு"ங்கறது என்ற பொய்யி இல்லக்கா.

கோகிலவாணி: பின்ன?

அருண்குமார்: அப்பன்து. ஆஸ்பத்திரியில சேத்துன அன்னைக்கு என்ற கையப் புடிச்சுட்டு, "அம்மணிகிட்ட மூச்சு உடாத. கேட்டா தறிக்குப் போயிருக்கறேன்னு சொல்லு. புள்ள பொறந்து பத்து நாளு கழியட்டும், அதுக்குள்ள நா போனாலும் சொல்லாத"ன்னாரு. "ஈரோட்டுக்குப் போயிருக்கறேன்னு சொல்லு"ங்கறதும் அவரே யோசிச்சுக் குடுத்ததுதான். நா கீழ எஸ்.டி.டி. பூத்துல நின்னு ஒப்பிச்சேன், அவ்வளவுதான்.

கோகிலவாணி: இத மூணு வருசமா எதுக்குடா சொல்லாம வெச்சிருந்த?

அருண்குமார்: சொன்னா அப்பன் மேல கோவிச்சுக்குவ. போன மனுசன் மேல கோவிச்சுட்டு நீ எங்க போயித் தீத்துக்குவ? எம்மேலன்னா, என்னைக்காவது நாலு அறை உட்டுத் தீத்துக்கலாம். நாந்தான் இருக்கறனே... கண்ணத் தொடச்சுக்கோ. பசங்க வந்துருவாங்க.

கோகிலவாணி: வரட்டும்.

அருண்குமார்: டீச்சரு அழுகறாங்கன்னு பீஸக் கொறைக்கச் சொல்லுவாங்க.

கோகிலவாணி: போடா... இந்தா, இந்தத் தண்ணியக் குடி. மூஞ்சி வத்திப்போச்சு. என்னத்தத் திங்கற நீயி?

அருண்குமார்: மெஸ்ஸுல. கல்லு மாதிரி தோசை.

கோகிலவாணி: இன்னும் எத்தன நாளைக்கு? அதுதான் ஆவணியில கல்யாணமாமே.

அருண்குமார்: ...ஆரு சொன்னாங்க?

கோகிலவாணி: மண்டிக்கு வந்த பல்லடத்து ஒறம்பரைச் சனங்க சொன்னாங்க. ஊரு பூராவும் பத்திரிக்கை வெச்சாச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களான்னு கேக்கறாங்க. நா மூட்டையப் பாத்துட்டே நின்னேன்.

அருண்குமார்: ம்.

கோகிலவாணி: பொண்ணு பேரென்ன?

அருண்குமார்: லோகப்பிரியா. டீச்சருக்குப் படிச்சிருக்குது.

கோகிலவாணி: டாங்கி ஆடுமா?

அருண்குமார்: ஒருக்கா ஆடுச்சு. எதிரி டாங்கிய உட்டுப்போட்டு நம்ம கோட்டையவே சுட்டுருச்சு.

கோகிலவாணி: நல்ல பொண்ணாத்தான் இருக்கும்... இணைச்சீருக்கு ஆரு நிக்கறாங்க?

அருண்குமார்: பெரியப்பன் மகள நிறுத்திக்கலாம்னு பெரியம்மா சொல்றாங்க.

கோகிலவாணி: ஏன், கூடப் பொறந்தவ செத்துட்டாளா? நீ தாலி கட்டறதுக்கு முன்னால உம் பக்கத்துல பட்டுக் கட்டிட்டு வந்து நிக்க வேண்டியவ நானு. பெரியப்பன் மகளாம், பெரியப்பன் மக!

அருண்குமார்: கூடப் பொறந்தவ நா அனுப்புன ரிஜிஸ்தர் தபால ரெண்டு வாட்டி வாங்காமத் திருப்பி உட்டா. நேருல வந்தேன், கதவத் தொறக்கல. மச்சான் வாசல்ல நின்னு கையப் பெசைஞ்சுட்டிருந்தாரு. இனியா ஜன்னல்ல எட்டிப் பாத்து, "ஆரு நீங்க?"ன்னு கேட்டுச்சு.

கோகிலவாணி: ...நீ என்ன சொன்ன?

அருண்குமார்: வெலாசம் தப்பி வந்துட்டேங்க அம்மணின்னு சொன்னேன்.

கோகிலவாணி: அய்யோ... செரி, பத்திரிக்கை இன்னைக்காவது கொண்டாந்திருக்கறியா?

அருண்குமார்: இல்ல.

கோகிலவாணி: இல்லையா?

அருண்குமார்: கையில இல்ல.

கோகிலவாணி: செவப்புப் புள்ளிய எடுக்கறதுக்கு மட்டுந்தான் வந்தியா, அருணு?

அருண்குமார்: அந்தச் சோலியும் முடியோணுமில்ல. பையில டி.வி. கேமு கொண்டாந்திருக்கறேன். உங்கூட்டுக்குப் போலாம், நா அனுப்புன பார்சலக் கொண்டா. கேசட்ட மாட்டிப் பாத்துப்போடலாம்.

கோகிலவாணி: வேண்டாம்.

அருண்குமார்: ஏன்?

கோகிலவாணி: வேண்டாங்கறேன். புள்ளிய நானே எடுக்கச் சொல்லி எழுதிர்றேன்.

அருண்குமார்: ஓடாத கேசட்டுக்கு எப்படி எடுப்ப? தீபக் கேப்பான்.

கோகிலவாணி: ஓடுது.

அருண்குமார்: கோடு?

கோகிலவாணி: கோடெல்லாம் இல்ல.

அருண்குமார்: கர்ருங்கறது?

கோகிலவாணி: அருணு... சிரிக்காத. நா அந்தப் பார்சலப் பிரிக்கவே இல்லடா.

அருண்குமார்: பிரிக்கவே இல்லையா!

கோகிலவாணி: உன்ற கையெழுத்துல எங்கூட்டு வெலாசம்... பாத்ததும் கை ஓடல. பிரிச்சா கேசட் வந்துரும். வந்துட்டா மாத்திக்கிட்ட யாவாரம் முடிஞ்சுரும். அப்பறம் "டியர் சார்" கூட கெடையாது. சண்டைன்னா நீ வந்துதான ஆகோணும்? அதுதான்... ஓடலைன்னு எழுதிப்போட்டேன். பார்சல் பீரோவுல என்ற கூறைச்சீலைக்கு அடியில அப்படியே கெடக்குது. செரி, எந்திரி. கம்ப்யூட்டரப் போடறேன். பொய் சொன்னவ நாந்தான்னு எழுதி, உன்ற புள்ளிய மொதல்ல எடுத்துப்போடலாம்.

அருண்குமார்: எடுக்காதக்கா, நீ எழுதுனது அத்தனையும் நெசந்தான். தபால்னா திருப்பி உட்டுருவ, கேசட்டுன்னா நீ வாங்கிக்குவன்னு... அந்தப் பொட்டியில நா கேசட்டே வெக்கல. மஞ்சத் தடவி, உம் பேர எழுதி, மொதப் பத்திரிக்கையத்தான் வெச்சேன்.