லாபி சுவர்ச் செடிகள்

தானா ராத்தா பேருந்து நிலையத்தில் எனக்கு முன்னால் ஹோட்டல் சீருடையில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

“லாபி செவுத்துல மாட்ட எப்படிடி செடி பாத்து எடுத்த?” என்றாள் மூத்தவள்.

“செடிய யாரு பாத்தா, அக்கா? ஒரு வாரம் செவுத்தத்தான் பாத்தேன். வெயிலே படாது, எந்நேரமும் ஈரம். கடையில வாங்குன பூச்செடியெல்லாம் அழுகிப்போச்சு. மேனேஜரு பிளாஸ்டிக் செடி வாங்கப் போனாரு. எங்க எஸ்டேட்டு லயத்து வீட்டு பாத்ரூம் பின்னாடியும் அதே இருட்டு, அதே ஈரம். அங்க பெரணிச் செடி காடா மண்டிக் கெடக்கு. புடுங்கியாந்து மாட்டுனேன். ஒன்னுகூட வாடல.”

“கெட்டிக்காரிலா நீ! நேத்து கல்யாண ஜோடி அதுக்கு முன்னாடிதான் போட்டோ புடிச்சாங்க.”

“எங்க வாங்குனதுன்னு என்னையே கேட்டாங்கக்கா.”

“என்னா சொன்ன?”

“எஸ்டேட்டுல ஸ்பெஷலா வளக்குறதுன்னேன்.”